கிற்றார் எங்கே போனது: கொக்குவிலில் ஓர் அல்பம் பட்ட பாடு

ஒரே அல்பத்தை ஒரே கொட்டிலில் இருந்து ஆறு பேர் கேட்டார்கள். மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை. ஒருவருக்கு அது உயிர். ஒருவர் "பிறகு சொல்லுறன்" என்றார். இன்னொருவர் வாயே திறக்கவில்லை. ரசிகர்கள் அடிபடுவது உலக வழக்கம், அதற்காக யாரும் குறிப்பு எழுதுவதில்லை. இதை நான் எழுதி வைப்பதற்குக் காரணம், அந்தச் சண்டையின் பெரும்பகுதி அல்பத்தைப் பற்றியதே இல்லை என்பது இரண்டாம் முறை கேட்டபோது தெரிய வந்ததுதான். மிச்சப்பட்ட சிறு பகுதிதான் உண்மையான கருத்து வேறுபாடு. அது இன்னும் தீரவில்லை.

அல்பத்தின் முன்கதை

அல்பம், ஆர்ட்டிக் மங்கீஸின் 'ட்ராங்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ'. 2018 மே 11 அன்று வந்தது. வந்த நாளிலிருந்து உலகம் முழுக்க அந்த பாண்டின் ரசிகர்களை இரண்டாகப் பிரித்த அல்பம். ஏன் பிரித்தது என்று விளங்க, முன்னால் வந்தவற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பெடியள் 2002இல் தொடங்கிய பாண்ட் இது. 2006 ஜனவரியில் வந்த முதல் அல்பம் முதல் வாரத்திலேயே 360,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரு பாண்டின் முதல் அல்பம் பிரித்தானியாவில் அதுவரை அந்த வேகத்தில் விற்றதில்லை. வேகமான கிற்றார், மூச்சு விடாமல் கொட்டும் சொற்கள், சொந்த ஊர் இரவுகள். 2013 செப்ரெம்பரில் வந்த ஐந்தாவது அல்பமான 'ஏஎம்' வேறு ரகம்: வேகம் குறைந்து, ஹிப்ஹொப் சாயல் கொண்ட தாளத்தின் மேல் கனத்த ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிற்றார் வரிகள். எங்கள் பக்கத்தில் கிற்றார் தூக்கிய பெடியள் பலருக்கு முதலில் கை பழகியது அந்த அல்பத்தின் முதல் பாட்டின் ரிஃபில்தான்.

அதன்பிறகு ஏறத்தாழ ஐந்து வருடம் அல்பம் இல்லை. பாடகரும் பாட்டு எழுதுபவருமான அலெக்ஸ் டேர்னருக்கு முப்பதாவது பிறந்தநாள் பரிசாக அவர்களின் மனேஜர் ஒரு ஸ்டைன்வே பியானோ கொடுத்தார். லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் அதன் முன்னால் இருந்துதான் புதிய பாட்டுகள் பிறந்தன. அதுவரை கிற்றாரில் எழுதியவர் அவர். எட்டு ட்ராக் ரேப் ரெக்கோடர் ஒன்றில் வீட்டிலேயே முதல் வரைவுகளைப் பதிந்தார். பிறகு பாண்டும் இன்னும் சில வாத்தியக்காரரும் சேர்ந்து, பாரிஸுக்கு அருகே லா ஃப்ரெற் என்ற ஸ்டூடியோவில் பெரும்பகுதியைப் பதிந்தார்கள். ஜேம்ஸ் ஃபோர்டும் டேர்னரும் தயாரித்தார்கள். சந்திரனில் ஒரு ஹோட்டல் இருப்பதாகக் கற்பனை. 1969 ஜூலை 20 அன்று அப்பலோ 11 இறங்கிய இடத்தின் பெயரைத்தான் ஹோட்டலுக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். வெளியிடுவதற்கு முன் ஒரு பாட்டைக்கூட முன்னோட்டமாக விடவில்லை. முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கட்டும் என்ற எண்ணம். பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது, சிறந்த அல்பத்துக்கான அந்த வருட மேர்க்குரி பரிசின் குறும்பட்டியலிலும் வந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பது வேறு கதை.

கொட்டிலில் இருந்தவர்கள்

இடம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ரியூசன் கொட்டில். சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு முடிந்தபிறகு வாங்கில்கள் சும்மா கிடக்கும். தகரக் கூரை, அதனால் வெக்கை. அங்கே அவ்வப்போது கூடி ஓர் அல்பத்தை முழுதாகக் கேட்பது எங்கள் வழக்கம்.

லீட் கிற்றார் வாசிக்கும் தம்பியும் ட்ரம்ஸ் தம்பியும் ஒரே இசைக்குழு. கலியாண மண்டபம், கம்பஸ் நிகழ்ச்சி என்று ஓடுகிறவர்கள். ஒரே வருட மாணவர்கள் வைக்கும் ஒரு பட்ச் பார்ட்டிக்கு ஆங்கிலப் பாட்டொன்று புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. இந்த அல்பத்திலிருந்து ஒன்றை எடுக்கலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. யோசனை, கனடாவிலிருந்து லீவில் வந்து நின்ற என் மச்சானுடையது. அவரிடம் இந்த அல்பத்தின் இசைத்தட்டே இருக்கிறது. மற்றவர்கள்: மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்து, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒருவர். உயர்தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர். இணுவிலைச் சேர்ந்த சவுண்ட் சேர்விஸ் அண்ணை. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ரொக் பற்றிப் பெரிதாகத் தெரியாது, காது மட்டும் அசாத்தியம்.

முதல் முறை

மேசையில் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துப் போட்டோம். முதல் பாட்டு ஏறத்தாழ ஆறு நிமிடம். மெதுவாக நடக்கிற பாட்டு. கத்திப் பாடக்கூடிய இடம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த கிற்றார்த் தம்பிக்கு அது வரவேயில்லை. மூன்றாவது பாட்டு முடிய வாய் திறந்தான்.

"கிற்றார் எங்கை அண்ணா? உது ஹோட்டல் லொபியிலை போடுற பாட்டெல்லோ!"

"அதுதானே தம்பி தலைப்பே. ஹோட்டல்தான்," என்றார் மச்சான்.

அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை. ட்ரம்ஸ் தம்பி தனக்கு இதில் வேலையே இல்லை என்றான். வேலை இல்லாத பாட்டைப் பழகி என்ன செய்வது என்பது அவன் நியாயம். ரீச்சருக்கு எரிச்சல் வேறு வகை: சொற்கள் கூட்டமாக வருகின்றன, ஒன்றைப் பிடிப்பதற்குள் நாலு போய்விடுகிறது, இப்படி எழுதினால் என் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மைதான் போடுவேன் என்றார். கிற்றார்த் தம்பி பொறுமை போய், போனை எடுத்து அடுத்த பாட்டுக்குத் தாண்டினான். அண்ணை கையைப் பிடித்தார்.

அண்ணை கேட்கப் பழகிய காலம் அப்படி. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். "பாட்டைத் தாண்ட வெளிக்கிட்டா ஆர் மிதிக்கிறது? வந்ததைக் கேக்கிறதுதான்," என்றார். தம்பிக்கு அது பழங்கதை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பெடியன், முதல் இருபது செக்கனில் பிடிக்காததைத் தள்ளிவிடும் காதோடு வளர்ந்தவன். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னோட்டப் பாட்டே விடாமல் முழுதாகக் கேள் என்று வைத்த அல்பம் இந்த இரண்டாவது வகைக் காதில் விழுந்தால் அடி படத்தான் செய்யும்.

அன்று முடிந்த விதம் நல்லாயில்லை. தம்பி, "இது ரொக்கே இல்லை" என்றான். மச்சான், "உனக்கு விளங்கேல்லை" என்றார். இந்த இரண்டு வசனமும் வந்தால் பிறகு கதைக்க எதுவும் மிஞ்சாது. ஒன்று அல்பத்தைப் படலைக்கு வெளியே தள்ளுகிறது, மற்றது ஆளையே தள்ளுகிறது. கனடாவில் இருப்பவருக்கு நேரம் கிடக்கு, எங்களுக்கு அப்படியா என்று ட்ரம்ஸ் தம்பி ஒரு குத்தும் குத்தினான். மச்சான் முகம் கறுத்துப் போனது.

வழி காட்டியது அண்ணைதான். கலியாண வீட்டில் யாராவது வந்து "சவுண்ட் சரியில்லை" என்றால் அவர் விவாதிக்க மாட்டாராம். "எந்தப் பெட்டி, எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பாராம். அதையே எங்களுக்கும் வைத்தார்: நல்லதென்றாலும் கூடாதென்றாலும் எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று காட்டு. காட்ட முடியாவிட்டால் பிளேன்ரீயைக் குடி.

அண்ணையின் பெட்டிகள்

அடுத்த கூடலுக்கு அண்ணை தன் பெட்டிகளைக் கொண்டு வந்து இறக்கினார். இரண்டு மேல்பெட்டி, ஒரு பேஸ் பெட்டி, சின்ன மிக்ஸர். இந்தப் பாட்டுகளில் அடியில் யாரோ கதைத்துக்கொண்டே போகிறார், அன்றைக்குச் சின்னப் பெட்டியில் அது கேட்கவில்லை, அதனால்தான் பிறகு சொல்கிறேன் என்றேன் என்றார்.

அந்த "யாரோ", பேஸ் கிற்றார். அதன் தடித்த கம்பியைத் திறந்து தட்டினால் வரும் அடிச்சுரம் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே போனாலே களைத்துவிடும். சின்ன புளூடூத் பெட்டி அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேலே எழும் கிளைச்சுரங்களை வைத்து மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும், அதனால் சுரம் எது என்று தெரியும், கனம் தெரியாது. ரிஃப் முன்னால் நிற்கும் 'ஏஎம்' மாதிரி அல்பம் போனிலும் தப்பிவிடும், ஏனென்றால் ரிஃபின் பல் மேலே இருக்கிறது. இந்த அல்பத்திலோ பல இடங்களில் ராகமாக நடப்பதே பேஸ்தான். பியானோ கட்டையைத் தட்டி நிற்க, குரல் கதை சொல்ல, பேஸ் கீழே பாடுகிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது லொபிதான். தம்பி சொன்னது அவன் கேட்டதற்குச் சரி.

அண்ணை இதற்குத் தவிலை இழுத்தார். கோயில் கொடியேற்றத்தில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டால் தவிலின் வலது பக்கமான வலந்தலை மட்டும்தான் படபடவென்று வரும். கனத்த ஒலி வரும் மற்றப் பக்கமான தொப்பியைக் கேட்க வேண்டுமென்றால் கூட்டத்துக்குள் புகுந்து கிட்டப் போக வேண்டும். "தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ர தொப்பியைக் குழாயிலை கேட்டவன், கேட்டனான் எண்டு சொல்லப்படாது," என்றார். அண்ணை தவிலுக்குப் பேர்போன இணுவிலில் பிறந்தவர், அந்த விஷயத்தில் அவரோடு யார் மல்லுக்கட்டுவது?

இரண்டாம் முறை கேட்டதில் கட்சி மாறியவன் ட்ரம்ஸ் தம்பி. இரண்டாவது பாட்டிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். பாண்டின் ட்ரம்ஸ்காரர் மாற் ஹெல்டர்ஸ் முந்திய அல்பங்களில் அடிக்கிற அடி அவனுக்குத் தெரியும், அதனால்தான் இங்கே ஏமாற்றம். இப்போது பேஸோடு சேர்த்துக் கேட்க, அந்த ஆள் வேண்டுமென்றே கையைக் கட்டி வாசிக்கிறார் என்று விளங்கியதாம். "இப்பிடி அடிக்கிறதுதான் அண்ணா கஷ்டம். கை துடிக்கும்."

கிற்றார்த் தம்பியும் கிற்றாரைக் கண்டுபிடித்தான். 'கோல்டன் ட்ரங்க்ஸ்' பாட்டில் கரகரவென்று ஓடும் ஒன்று, 'வன் பொயின்ற் பெர்ஸ்பெக்டிவ்' பாட்டில் வரும் சிறு தனி வாசிப்பு. கிற்றார் கிடக்கிறது, முன்னுக்கு நிற்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். பிடித்ததா என்றால் இல்லை. சரி, அது அவன் இஷ்டம். "இது ரொக்கே இல்லை" என்ற வசனம் மட்டும் பிறகு வரவில்லை.

வயலின் அக்கா

முதல் நாள் வாயே திறக்காதவர் இவர். உண்மையில் அன்றைக்கே அவருக்குப் பிடித்திருந்தது, சண்டைக்குள் சொல்ல மனமில்லாமல் இருந்துவிட்டார். ஏன் பிடித்தது என்று கேட்டோம்.

"எனக்கு முந்தினது ஒண்டும் தெரியாதே. அதாலை நான் ஒண்டையும் துலைக்கேல்லை."

முழு நிகழ்விலும் எனக்கு அதிகம் உறைத்த வார்த்தை இது. கொட்டிலில் அந்த பாண்டை முன்பின் தெரியாமல் வந்தவர்கள் அக்காவும் அண்ணையும்தான். பழைய அல்பங்களோடு வளர்ந்த தம்பிமார் இருவரும் ஏதோ பறிபோன கோபத்தில் கேட்டார்கள். மச்சானும் பழைய ரசிகர்தான், ஆனால் அவருக்கு 'ஏஎம்' அலுத்துப்போயிருந்தது, அதனால் அதே இழப்பு அவருக்கு விடுதலை. ஆக, அன்று தீர்ப்புச் சொன்னவர்களில் பலர் 2018 அல்பத்தைக் கேட்டுவிட்டு 2013 அல்பத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

அதற்காக அக்கா எல்லாவற்றையும் மெச்சவில்லை. அவர் காட்டிய இடம் 'ஃபோர் அவுட் ஒஃப் ஃபைவ்' பாட்டின் கடைசிப் பகுதி. ஒரே வரியைத் திரும்பப் பாடிக்கொண்டே சுருதியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தம்பூராவின் ஆதார ஷட்ஜத்தில் வளர்ந்த காதுக்கு அது எப்படி இருக்கும்?

"கிரக பேதம் எண்டா சுருதி நிண்ட இடத்திலை நிக்கும், நாங்கள் வேறை சுரத்திலை இருந்து பாக்கிறம். இவையள் சுருதிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு படி ஏறுகினம். எனக்கு இறங்கி வரத் தெரியேல்லை."

சொல்ல வேறு எதுவும் இல்லாதபோது செய்கிற வித்தை என்பது அவர் அபிப்பிராயம். மச்சான் அதையே நகைச்சுவையாகக் கேட்கிறார். பாட்டு ஒரு விளம்பரம், விளம்பரக்காரன் குரல் ஏறிக்கொண்டுதானே போகும் என்றார். விளம்பரமா என்று எல்லோரும் திரும்ப, ரீச்சர் கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வீட்டில் இருந்து வரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார், ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு.

சந்திரனில் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடை. வந்தவர்கள் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுகிறார்கள். கடையின் பெயர், நீல் போஸ்ட்மன் என்ற அமெரிக்கர் 1985இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் வரும் ஒரு கருத்து: நமக்கு வந்து சேரும் தகவலுக்கும், அதை வைத்து நாம் செய்யக்கூடியதற்கும் உள்ள விகிதம். தந்தி வந்த காலத்திலிருந்தே அந்த விகிதம் கெட்டுவிட்டது என்பது அவர் வாதம். எங்கேயோ நடப்பதெல்லாம் தெரிகிறது, ஒன்றும் செய்ய முடியாது. ரீச்சர் சொன்னார், காலையில் எழும்பிப் போனைத் திறந்தால் டொராண்டோவில் செத்தவீடு, லண்டனில் பூப்புனித நீராட்டு விழா, கொழும்பில் விலையேற்றம். எல்லாம் தெரியும், தேத்தண்ணி வைக்கிறதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. அதைச் சாப்பாட்டுக் கடைப் பெயராக வைத்து நட்சத்திரம் போட வைத்தவன் சும்மா ஆள் இல்லை என்றார். சிவப்பு மைக்காரி கட்சி மாறிய இடம் அதுதான்.

கிற்றார்த் தம்பி விடவில்லை. "ரீச்சர், நீங்கள் ஒரு கிழமை இருந்து எழுதிப் பாத்துக் கண்டுபிடிச்சியள். பாட்டைக் கேக்கிறவன் அதெல்லாம் செய்வானோ?" நியாயமான கேள்வி. ரீச்சர் பதில் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மிஞ்சிய சண்டை

ஸ்பீக்கரையும் பழைய அல்பத்தையும் கழித்துவிட்ட பிறகு நின்றது ஒரே ஒரு விஷயம். டேர்னர் இந்த அல்பத்தில் பழைய காலத்து மேடைப் பாடகர் மாதிரி, கொஞ்சம் அலட்டலாக, குரலை வழுக்கவிட்டுப் பாடுகிறார். முதல் அல்பத்தில் தன் தெருவைப் பற்றித் தன் ஊர்ப் பேச்சில் பாடியவன் இப்போது வேசம் போடுகிறான் என்பது தம்பியின் குற்றச்சாட்டு. அவன் காட்டிய இடம் கடைசிப் பாட்டு, 'அல்ட்ராசீஸ்'. மச்சான் கண் கலங்கக் கேட்கும் பாட்டும் அதேதான்.

அண்ணை குறுக்கே வந்தார். எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடினால் சனம் அழுதது. அவர் உண்மையாக அழுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. வேசம் போட்டுப் பாடுவது எங்களுக்கு என்ன புதினமா?

தம்பி யோசித்துத்தான் சொன்னான்: "வைரமுத்து அரிச்சந்திரனா வந்தவர். மேடைக்கு வரேக்கையே ஆர் எண்டு தெரியும் அண்ணை. இந்தாள் ஆரா நிண்டு பாடுது எண்டே எனக்குத் தெரியேல்லை. ஹோட்டல் பாடகனோ, அலெக்ஸ் டேர்னரோ?"

அல்பத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் மிகக் கூர்மையானது இது என்று நினைக்கிறேன். மச்சானின் பதில், அந்தத் தெரியாமைதான் தனக்குப் பிடிக்கிறது என்பது. இரண்டு பேரும் ஒரே இடத்தை, ஒரே நிமிடத்தைக் காட்டுகிறார்கள், ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள், ஒருவருக்கு அது குறை, மற்றவருக்கு அது நிறை. இதற்கு மேல் எந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாலும் ஒன்றும் நடக்காது.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆறு பாட்டும் அருமை. நடுவுக்குப் பிறகு அல்பம் தொய்கிறது. ஒரே நடையில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வருகின்றன, இரண்டைக் கழற்றியிருந்தால் நாற்பது நிமிடம் முப்பத்துச் சொச்சம் ஆகியிருக்கும், எல்லோரும் தப்பியிருப்போம். மச்சானிடம் இதைச் சொன்னேன். கனநேரம் என்னோடு கதைக்கவில்லை.

பட்ச் பார்ட்டி

கடைசியில் எடுத்தது 'ஃபோர் அவுட் ஒஃப் ஃபைவ்'தான். தெரிவு செய்தவன் யாரென்று பார்த்தால் கிற்றார்த் தம்பி. அல்பத்தில் தன் கைக்குப் பிடி கிடைக்கிற பாட்டு அது என்றான். கலியாண வீட்டுக் கீபோர்ட்டில் பியானோ பகுதியை வைத்தார்கள். சுருதி ஏறும் கடைசிப் பகுதியில் ஒரு தரம் மட்டும் ஏறி நிறுத்தினார்கள், அது அக்காவின் கட்டளை. பேஸ் வாசிக்கும் பெடியனுக்கு முதல் தடவையாக மிக்ஸரில் மரியாதை கிடைத்தது. இவ்வளவு காலமும் தன்னை அமுக்கி வைத்தது யார் என்று அவன் ட்ரம்ஸ் தம்பியோடு இப்போது தனிச்சண்டை பிடிக்கிறான்.

பார்ட்டியில் பாட்டுக்கு யாரும் எழும்பி ஆடவில்லை. இருந்து கேட்டார்கள், கை தட்டினார்கள். அடுத்து 'ஏஎம்' ரிஃப் வந்ததும் கதிரைகள் சுவரோரம் போயின. தம்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

மச்சான் திரும்பக் கனடா போய்விட்டார். 2022இல் வந்த அடுத்த அல்பம் 'த கார்', தந்தி வாத்தியங்கள் கூடியது. அதைத்தான் அடுத்துக் கேட்க வேண்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார், வயலின் அக்காவும் சரி என்றுவிட்டார். கிற்றார்த் தம்பி ஒரு நிபந்தனை வைத்தான்: முதலில் தான் தனியாகப் போனில் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அண்ணை சம்மதிக்கவில்லை.